மனை பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

சும்மா கிடைக்கும் எதையும் நான் நம்புவதில்லை. காய்கறிக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலையைக்கூட ஒரு தடவை புரட்டிப் பார்த்துத்தான் பையில் போடுவேன். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஒரு புது ஹாட் பாக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, சிரித்த முகமாகப் படியேறி வந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டியவர். ரிட்டயர் ஆகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கள்ளிக்குப்பத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டு மாடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி காலையிலிருந்து இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார். பேப்பர் படிக்க மாட்டார், டிவி பார்க்க மாட்டார். டீ வேண்டுமா என்று கேட்டால் தலையை ஆட்டுவார். வேண்டும் என்று ஆட்டுகிறாரா வேண்டாம் என்று ஆட்டுகிறாரா என்பதை நானேதான் கண்டுபிடிக்க வேண்டும். வேலைக்குப் போன காலத்தில் வாய் ஓயாத மனுஷன். இப்படியே உட்கார்ந்திருந்தால் பேச்சே மறந்துபோய்விடுமோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம். வெளியே காட்டிக்கொள்ளாமல் திட்டிக்கொண்டிருந்தேன்.

அப்படிப்பட்டவர் அன்றைக்குக் காலையில் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். திரும்பி வரும்போது கையில் ஹாட் பாக்ஸ். சட்டையை வாங்கித் தொங்கப் போடுகிற சாக்கில் மோந்து பார்த்தேன். எலுமிச்சை சாத வாசனைதான் வந்தது.

“எங்கயா பூட்ட காத்தால?”

“மனை பாக்க.”

“இன்னா மனை? யாரு மனை?”

“சும்மா பாக்கறதுக்குத்தான்மே. ஆவடி சிக்னலாண்ட வேன் நிக்குது. அவுங்களே இட்டுகினு போறாங்கோ, சோறு போடறாங்கோ, திரும்பக் கொணாந்து உட்டுர்றாங்கோ. குலுக்கல்ல இது எனுக்கு உழுந்துச்சி.”

“சும்மா சோறு போடறதுக்கு அவன் இன்னா உன் மாமனாரா?”

அவர் அதற்கும் சிரித்தார். எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. கம்பெனியில் வந்த பணம் அப்போதுதான் பேங்கில் விழுந்திருந்தது. இவர் கையெழுத்துப் போடுவதில் மகா தாராளம். யார் எங்கே விரலை வைத்துக் காட்டினாலும் போட்டுவிடுவார். இந்தச் செய்தி எப்படியோ ஊர் பூராவும் தெரிந்து, எவனோ வேன் வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறான் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்புக்கைப் புடவைகளுக்கு அடியில் திணித்து, பீரோவைப் பூட்டிவிட்டு, நானும் கூடவே கிளம்பினேன். மனை பார்க்க இல்லை, அவரைப் பார்த்துக்கொள்ள.

வேனில் முதலில் என் கண்ணில் பட்டவர் கண்டக்டர். வேனுக்குக் கண்டக்டர் இல்லை. அவரும் எங்களைப் போல மனை பார்க்க வந்தவர்தான். முத்தாபுதுப்பேட்டைக்காரர், டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், மனைவி இல்லாதவர். ஆனால் பழக்கம் விடவில்லை. அரை வண்டிகூட நிரம்பாத வேனில், “உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத” என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். டிரைவர் கிளப்பியதும் மேற்கூரையைத் தட்டி “ரைட்” சொன்னார். என் வீட்டுக்காரரை முந்தின வாரத்திலிருந்தே அண்ணாத்தே ஆக்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார்.

“அண்ணி, நீ இப்படி ஜன்னலாண்ட குந்து. காத்து வரும்.”

இவன் கம்பெனி ஆள் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். கூட்டத்தோடு கூட்டமாக உட்கார வைத்து, சிரிக்கச் சிரிக்கப் பேசவிட்டு, கடைசியில் “நான் ஒண்ணு வாங்கறேன், நீயும் ஒண்ணு வாங்கு அண்ணாத்தே” என்று சொல்ல வைப்பதற்காகச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். டை கட்டிய விற்பனைக்காரர் ஏறியதிலிருந்து அவரும் கண்டக்டரும் கண்ணைக் காட்டிக்கொள்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே போனதில், காற்று வந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை.

திருநின்றவூர் தாண்டி எங்கேயோ இறக்கினார்கள். ஒரு ஆர்ச், கலர் கலராகக் கொடிகள், சாமியானா, உறை போட்ட நாற்காலிகள், எல்லாருக்கும் மோர். முள் வெட்டிய நிலத்தில் நெடுகக் கல் நட்டிருந்தார்கள். புதிதாகத் தார் போட்டிருந்த ரோட்டைக் குதிகாலால் தேய்த்துப் பார்த்தேன், ஜல்லி பெயர்ந்து வந்தது. டை கட்டியவர் என்னிடம் வந்து, இங்கிருந்து ஸ்டேஷன் பத்து நிமிஷம், ஸ்கூல் ஐந்து நிமிஷம் என்று சொல்லிக்கொண்டே போனார்.

“மழைத்தண்ணி எங்கப்பா போவும்?” என்று கேட்டேன்.

“இங்க தண்ணியே நிக்காது மேடம்.”

“நிக்காதுன்னா எங்க போவும்னு கேக்கறேன்.”

அவர் வேறொரு குடும்பத்தைப் பார்க்கப் போய்விட்டார். நான் திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரரைக் காணவில்லை. எங்கேயோ உட்கார வைத்துக் கையெழுத்து வாங்குகிறார்கள் என்று ஓடினேன்.

அவர் ஒரு காலி மனையின் நடுவில் நின்றுகொண்டிருந்தார். நாலு மூலையிலும் கல், நடுவில் அவர், வேறு ஒன்றும் இல்லை. கண்டக்டர் வெளியே ரோட்டில் நின்று, இல்லாத காலிங் பெல்லை விரலால் அழுத்தி, “டிங் டாங்” என்றார்.

“வா நைனா, வா. செருப்பக் கயட்டிட்டு வா” என்றார் என் வீட்டுக்காரர்.

கண்டக்டர் நிஜமாகவே செருப்பைக் கழற்றிவிட்டு, வெயிலில் கொதிக்கிற மண்ணில் தத்தித் தத்தி வந்தார். என் வீட்டுக்காரர் அவரைக் கூட்டிக்கொண்டு போய் வீட்டைக் காட்டினார். இது ஹால். இது பெட்ரூம். இந்தப் பக்கம் மாடிப்படி, குனிஞ்சி வா, தலையில இடிக்கும். ஐந்து நிமிஷத்தில் அவர் பேசிய பேச்சு, வீட்டில் ஐந்து மாதத்தில் பேசியதைவிட அதிகம். என்னைப் பார்த்ததும், “தோ, கிச்சன் அங்க கீது, போய் டீ வைமே” என்றார்.

“எனுக்கு வேற வேல இல்ல” என்று சொல்லிவிட்டு நிழலுக்குப் போய்விட்டேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டேனே. லேத்தில் நல்ல வேலை முடித்துவிட்டு வரும் நாட்களில் அவருக்கு அந்த முகம் இருக்கும். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. மோர் வாங்கிக் குடித்தேன். அதிலும் தண்ணீர் அதிகம்.

அதற்கப்புறம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் போனோம். ஒரே கம்பெனி வேனில் அடுத்தடுத்துப் போகக் கூடாது, முகம் தெரிந்துவிடும் என்று கண்டக்டர் சட்டம் போட்டார். ஒரு வாரம் பூந்தமல்லிப் பக்கம், ஒரு வாரம் செங்குன்றம் பக்கம், ஒரு வாரம் திருவள்ளூர் வரைக்கும்கூட. மனைகளை மறந்துவிடுவோம். எந்தக் கம்பெனியில் வெஜிடபிள் பிரியாணி, எந்தக் கம்பெனியில் வெறும் தயிர் சாதம் என்பது மட்டும் மனப்பாடம். கண்டக்டர் வீட்டிலிருந்து ஊறுகாய் கொண்டு வருவார். தானே போட்டது என்பார். கடையில் வாங்கிப் பாட்டில் மாற்றியது என்று எனக்குத் தெரியும், கேட்கவில்லை. அவர் கம்பெனி ஆள் இல்லை என்பது பல வேன்கள் மாறிய பிறகுதான் எனக்கு உறுதியானது. எந்த விற்பனைக்காரருக்கும் அவரைப் பிடிக்கவில்லை.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று யாராவது கேட்கலாம். அவர்கள் நம்மை ஏமாற்றப் பார்க்கிறார்கள், நாம் அவர்களை ஏமாற்றுகிறோம், நடுவில் ஒரு சாப்பாடு. இதில் எனக்கு உறுத்தல் ஒன்றும் இருக்கவில்லை.

எனக்கு உறுத்தியது வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு மனையில் கண்டக்டர் குறுக்கே நடந்தபோது, “யோவ், செவுத்து வழியா வர? வாசப்படி அங்க கீது பாரு” என்று நான் கத்திவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அன்றைக்கு வேனில் திரும்பி வரும்போது என் மனசு லேசாக இருந்தது. அதை நான் நம்பவில்லை. கையில் ஒன்றும் இல்லை, வாங்கியது ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போனால் அதே வாடகை வீடு, அதே சொட்டுகிற குழாய். எதை வைத்து இந்தச் சந்தோஷம்? நாளைக்கு இது எங்கே இருக்கும்? தங்கம் என்றால் எடுத்துப் பார்க்கலாம். எவர்சில்வர் குடம் என்றால் தட்டிப் பார்க்கலாம். இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

என் மகளிடம் போனில் சொன்னேன். அவள் ஐ.டி. கம்பெனியில் வேலை செய்கிறாள், ஊருக்குத் தெற்கே பிளாட் வாங்கிப் போய்விட்டவள்.

“அதாம்மா விஷயமே. பொருள் வாங்கினா அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். எங்கயாவது போய்ட்டு வந்தா அது எப்பவும் கூடவே இருக்கும்” என்றாள்.

இதைச் சொல்கிறவள் வீட்டு பிரிட்ஜ் அவளைவிட ஒரு சாண் உயரம். சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு வாடகை வீட்டுக்காரிக்குச் சொல்லும் புத்திமதி என்று நினைத்துக்கொண்டு, போனை வைத்துவிட்டேன்.

பிறகு வெள்ளானூர்ப் பக்கம் அந்த மனை வந்தது. மற்ற இடங்களைவிட விசேஷம் ஒன்றும் இல்லை. கிழக்குப் பார்த்தது, பக்கத்தில் நாலைந்து வீடுகள் எழும்பியிருந்தன. ஆனால் அங்கே என் வீட்டுக்காரர் ஹால், பெட்ரூம் என்று விளையாடவில்லை. மூலைக் கல்லின் மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றார். வேனில் வரும்போதும் ஒன்றும் பேசவில்லை. இந்த ஆளுக்கு மனை ஆசை வந்துவிட்டது, வாய் விட்டுக் கேட்க மாட்டேன் என்கிறார் என்று தோன்றியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து தனக்கென்று ஒரு வேட்டிகூடக் கேட்காதவர். அந்த வேன் பயணங்களிலெல்லாம் அவர் முகத்தில் பார்த்த வெளிச்சம் மண்ணாசைதான் என்று நான் எடுத்துக்கொண்டேன். மண்ணை வாங்கிக் கொடுத்துவிட்டால் அந்த முகம் வீட்டிலேயே இருக்கும் என்று நினைத்தேன்.

“அந்த வெள்ளானூர் எடம் வாங்கிடலாமா?” என்று ஒருநாள் சாப்பாடு போட்டபடி கேட்டேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “உனுக்குப் புடிச்சிருந்தா சரி” என்றார்.

அவர் மனசில் இருந்தது அப்போது எனக்குத் தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் எங்கே போகும், ரோடு நிற்குமா, பட்டா யார் பேரில் இருக்கிறது என்று நான் குடைந்து குடைந்து கேட்டதைப் பார்த்து, இவளுக்குச் சொந்த இடத்து மேல் உயிர் என்று அவர் நினைத்திருக்கிறார். அன்றைக்கு அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றதுகூட, இதை இவளுக்கு வாங்கிக் கொடுக்க நம்மால் முடியுமா என்று யோசித்துத்தானாம். பின்னால் ஒரு சண்டையில் இதெல்லாம் வெளியே வந்தது.

அவர் பணம், என் வளையல், சங்கிலி எல்லாம் சேர்ந்து மண்ணாயின. வில்லங்கம் போட்டுப் பார்த்து, மூலப் பத்திரம் வாங்கிப் படிக்கச் சொல்லிக் கேட்டு, நான் யாரையும் நிம்மதியாக இருக்கவிடவில்லை. கண்டக்டரும் பக்கத்து மனையை வாங்கினார். “அண்ணாத்தே ஊட்டுக்குப் பக்கத்துல என் ஊடு. காத்தால காபி அண்ணி கையால” என்றார். பத்திரம் பதிந்த அன்று மூன்று பேரும் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நின்று ஜூஸ் குடித்தோம். பொய் சொல்லக் கூடாது, அன்றைக்கு நான் பறந்தேன். தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுத்த லட்டில் முந்திரி அதிகம் போடச் சொல்லியிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மனையைப் பார்க்கப் போனோம். இந்தத் தடவை வேன் இல்லை. ஷேர் ஆட்டோவில் இறங்கி வெயிலில் நடக்க வேண்டியிருந்தது. மோர் கொடுக்க ஆள் இல்லை. நானே ஆசையாக ஒரு மூலையில் போய் நின்று, “யோவ், கிச்சன் இங்க வச்சிக்கலாமா?” என்று கேட்டேன்.

“அங்க வராதுமே. செட்பேக் உடணும்” என்றார்.

அவர் வீடு கட்ட அளவு விசாரித்திருந்தார். ரோட்டுக்கு இவ்வளவு, பக்கத்துக்கு இவ்வளவு விட்டது போக மிச்சத்தில் ஒரு ஹாலும் ஒரு ரூமும்தான் வரும். அதைக் கட்டவும் எங்களிடம் ஒன்றும் மிச்சம் இல்லை. ஊர் மனையில் எல்லாம் மாடிப்படி வைத்துக் கட்டியவருக்குத் தன் மனையில் ஒரு சுவர்கூட எழுப்ப முடியவில்லை. கண்டக்டர் காலிங் பெல் அழுத்தவில்லை. அவர் தன் மனையில் முள் வெட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் காவல் வேலைதான். யாரோ வீடு இடித்த கலீஜை எங்கள் மனையில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று தெரியாததால் அந்தத் தெருவில் இருந்த எல்லாரையும் நான் முறைத்தேன். ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர் வந்து நின்றால், நாளைக்குக் குடிசை போடப் பார்க்கிறாரோ என்று பார்ப்பேன். யாராவது போனில் பேசிக்கொண்டே நடந்து வந்தால், நம் இடத்தைப் படம் பிடிக்கிறாரோ என்று தோன்றும். ஊரில் பத்திரத்தை மாற்றி ஒரே மனையை ரெண்டு பேருக்கு விற்ற கதைகள் காதில் விழுந்துகொண்டே இருந்தன. சந்தேகப்படுவது என் குணம், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் என் சந்தேகத்துக்கு முகவரி கிடையாது. இப்போது பட்டா எண்ணோடு ஒரு முகவரி கிடைத்துவிட்டது.

கடைசியில் அந்தக் கல் வந்தது. எங்கள் மனைக்கும் கண்டக்டர் மனைக்கும் நடுவில் இருந்த கல், ஒரு நாள் பார்த்தபோது எங்கள் பக்கம் சாய்ந்து, கொஞ்சம் தள்ளி நிற்பதுபோல் இருந்தது. முதலில் சொன்னது நான்தான்.

“ஒரு கை அளவு உள்ள வந்துகீது பாருயா.”

“காத்துக்கு சாஞ்சிருக்கும்மே.”

“கல்லு காத்துக்கா சாயும்? அவுரு முள்ளு வெட்டறேன்னு சொல்லி இன்னா பண்ணாரோ.”

என் வீட்டுக்காரர் டேப் கொண்டு வந்து அளந்தார். குறைந்தது. கண்டக்டர் ஒரு டேப் கொண்டு வந்து அளந்தார். அவருக்கும் குறைந்தது. இரண்டு பேருக்கும் குறைந்தால் மண் எங்கே போனது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

“அண்ணாத்தே, நான் கல்ல நவுத்தற ஆளா? சொல்லு, நான் அப்படிப்பட்ட ஆளா?” என்றார் கண்டக்டர்.

என் வீட்டுக்காரர் குனிந்து டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

“செரி. கம்பி போட்டுக்கோ. நானும் போட்டுக்கறேன்” என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவர் போன பிறகு நான் வீரமாக ஏதேதோ பேசினேன். ரோடு போட வந்த ஜே.சி.பி. திரும்பும்போது இடித்திருக்கலாம். மழையில் மண் இறங்கியிருக்கலாம். கல் எப்படி நகர்ந்தது என்று இன்றைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

கம்பி வேலி வந்தது. என் வீட்டுக்காரர் மறுபடி மாடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். எதிர்வீட்டுத் தொட்டி. தலையாட்டல். இப்போது நாங்கள் சொந்த மண் உள்ளவர்கள், பீரோவில் பத்திரம் இருக்கிறது. ஆனால் பேச்சு நின்றுபோன மனுஷனுக்கு நான் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் தாங்க முடியாமல், “அவ்ளோ நகைய வித்து வாங்கிக் குடுத்தேனேயா, மூஞ்சத் தூக்கி வச்சிகினு குந்திகினுகீறியே” என்று கத்தினேன்.

“நான் எங்கமே கேட்டேன்? உனுக்கோசரம்தான வாங்குனேன்” என்றார்.

அந்தச் சண்டையில்தான் இருவருக்கும் விஷயம் விளங்கியது. விளங்கி என்ன ஆகப்போகிறது. சண்டை போட்டு முடித்து, குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிட்டோம்.

சில வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மனைக்குத் தான் மட்டும் போய்வருவதாகச் சொன்னார். எனக்கும் முட்டிவலி, சரி என்றேன். போய் வந்தார். அடுத்த வாரமும் போனார். பிறகுதான் கவனித்தேன். மழைக்காலம், வெள்ளானூர் மண் செருப்பில் அப்பிக்கொண்டு வரும், கழுவினாலும் போகாது. அவர் செருப்பு துடைத்து வைத்ததுபோல் இருந்தது. சாப்பாடு வேண்டாம் என்றார். வீட்டுக்குள் வரும்போது ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். இடத்தை விற்க ஆள் பார்க்கிறாரா? அடகு வைக்கிறாரா? இந்த வயசில் வேறு ஏதாவதா? எல்லாவற்றையும் நினைத்தேன். எதையும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் படியிறங்கியதும் நானும் இறங்கினேன். அவர் ஏறிய ஷேர் ஆட்டோவுக்கு அடுத்ததில் ஏறினேன். அவர் வெள்ளானூருக்குத் திரும்பவில்லை. ஆவடி சிக்னலில் இறங்கி, ஒரு டீக்கடையைத் தாண்டி நடந்தார். அங்கே புதுக் கம்பெனி ஒன்றின் பேனர் கட்டிய வேன் நின்றுகொண்டிருந்தது. வேனின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, “உள்ள போ, உள்ள போ” என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தவர் கண்டக்டர்.

என் வீட்டுக்காரர் அவர் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துக்கொள்ளவில்லை. எத்தனை வாரமாக இப்படி நடக்கிறது, சொல்லி வைத்துக்கொண்டு வருகிறார்களா, வந்த இடத்தில் பார்த்துக்கொண்டார்களா, எனக்குத் தெரியவில்லை. கண்டக்டர் ரோட்டைப் பார்த்தபடியே, “பின்னால வேணாம் அண்ணாத்தே, தூக்கிப் போடும். முன்னால குந்து” என்றார். என் வீட்டுக்காரர், “ஊறுகா கொணாந்தியா?” என்றார்.

நான் டீக்கடை ஓரத்தில் நின்றுகொண்டு அழுதேன். கோபமும் இருந்தது, அழுகையும் இருந்தது. எனக்குத் தெரியாமல் இந்த மனுஷன் சந்தோஷமாக இருக்கிறானே என்ற பொறாமையும் இருந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராக வேனிடம் போனேன்.

என்னைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போனது. கண்டக்டர் படியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். கண்டக்டர் கையில் இருந்த பையை வாங்கி, ஊறுகாய் பாட்டில் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வேனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கொஞ்சம் தயங்கி, இருவரும் என் பின்னால் ஏறினார்கள்.

டை கட்டிய விற்பனைக்காரர் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். இவர் புதியவர், பேச்சில் தெற்கத்தி வாடை அடித்தது.

“அம்மா, நீங்க மூணு பேரும் ஒரே குடும்பமா?”

“ஆமா” என்றேன்.

“ஏற்கெனவே உங்களுக்குச் சொந்தமா இடம் ஏதாவது இருக்காம்மா? இருக்கறவங்களுக்கு வேற ஸ்கீம், அதுக்காகத்தான் கேக்குறேன்.”

பின் சீட்டில் ஊறுகாய்ப் பை சரசரத்தது. பத்திரம், பட்டா, வளையல், சங்கிலி, அந்தக் கல் எல்லாம் ஒரு நிமிஷம் எனக்குள் வந்து போயின. வாழ்நாள் முழுக்க ஒரு இடம் வேண்டும், ஒரு இடம் வேண்டும் என்று கிடந்தவள் நான்.

“எங்க தம்பி, வாடக ஊட்டுல கீறோம். எங்க மூணு பேருக்கும் ஒரு கைப்பிடி மண்ணு கெடையாது” என்றேன்.

பின்னால் யாரோ வேனின் கூரையைத் தட்டினார்கள். கண்டக்டர் என்று நினைத்துத் திரும்பினேன். தட்டியது என் வீட்டுக்காரர்.